பூனாகலைக்கு வந்த ஹீப்ருச் சொற்கள்

ஊர்ப் பெயரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பூனாகலை என்ற பெயரைப் பார்த்துவிட்டு, இது பூவும் கலையும் நிறைந்த ஊராக இருந்திருக்க வேண்டும் என்று கட்டுரை எழுதித் தந்த மாணவர்கள் எனக்கு இருந்தார்கள். இந்தக் 'கலை' நாம் நினைக்கும் கலை இல்லை என்று அவர்களுக்குச் சொல்வேன். சிங்களத்தில் 'கல' என்றால் கல், பாறை. பூனாகல என்ற பெயரைத் தோட்டத்துக்கு வந்த மக்கள் தங்கள் நாவுக்கு ஏற்றபடி பூனாகலை ஆக்கிக்கொண்டார்கள். சொல்லின் வேரைத் தேடிப் புறப்படுகிறவன் முதலில் படிக்க வேண்டிய பாடம் இது. ஒன்றுபோலக் கேட்பவை எல்லாம் உறவாகிவிடாது. வேறாகக் கேட்பவை எல்லாம் அந்நியமாகியும் விடாது.

இந்தப் பாடத்தை ஊவா மாகாணத்துப் பாடசாலைகளில் பல வருடங்கள் தமிழும் அரபும் சொல்லிக் கொடுத்த நான், ஓய்வு பெற்ற பிறகு மறுபடி படிக்க நேர்ந்தது. படிக்க வைத்தவர்கள் ஒரு தோட்டத்துத் தாயும் மகளும்.

என் வாப்பா பூனாகலைச் சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். லயத்து மக்கள் மாதம் முழுதும் கடனுக்குச் சாமான் வாங்கிச் சம்பள நாளில் கணக்குத் தீர்ப்பார்கள். வாப்பாவின் கடன் கொப்பி அரபுத்தமிழில் இருக்கும். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் வலமிருந்து இடமாக ஓடும். தமிழ்ப் பேச்சை அரபு எழுத்தில் எழுதும் அந்த வழக்கம் காயல்பட்டினம், கீழக்கரையிலிருந்து காலி, பேருவளை வரை நம் முன்னோரிடம் இருந்தது. கீழக்கரை இமாமுல் அரூஸ் செய்யிது முஹம்மது ஆலிம் (1816–1898) அவர்களின் அரபுத்தமிழ் நூல்களை ஓதி வளர்ந்த கடைசித் தலைமுறை வாப்பாவுடையது. கடை மூடி வருடங்கள் ஆகிவிட்டன. கொப்பிகள் சில என்னிடம் இருக்கின்றன.

2024ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தத் தாயும் மகளும் பண்டாரவளையிலுள்ள என் வீட்டுக்கு வந்தார்கள். வாப்பாவின் கடைக் கணக்கில் பாட்டன் பெயர் இருந்த குடும்பம். 2023 மார்ச்சில் கபரகலைப் பிரிவில் மண் சரிந்தபோது லயத்தை இழந்தவர்கள். தாய் கொழுந்து பறிப்பவர். அப்போது நாட்சம்பளம் 1,000 ரூபாய். மகள் க.பொ.த. உயர்தரம் படித்தவள். முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு இஸ்ரேல் போகத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

"சேர், அங்க போய் வந்த அக்கா ஒருத்தி சொல்லுகள எழுதிக் குடுத்தாங்க. காலையில பாடமாக்கினா ராவைக்கு மறந்து போகுது. அரபும் இதுவும் ஒரே மாதிரின்னு அம்மா சொல்றாங்க. அதான் உங்ககிட்ட வந்தோம்" என்றாள்.

அம்மா எப்படி அறிவார் என்று கேட்டேன். "நான் வளைகுடாவில ஒம்பது வருஷம் வீட்டு வேல செஞ்சேன் சேர். எழுதப் படிக்கத் தெரியாது. கேட்டா வெளங்கும்" என்றார் தாய்.

நான் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த கிழமை வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். காரணத்தை வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2023 அக்டோபருக்குப் பிறகு காஸாவிலிருந்து வந்த படங்களைப் பார்த்துவிட்டு இரவில் தூங்க முடியாதிருந்தவர்களில் நானும் ஒருவன். 1984இல் கொழும்பில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேலிய நலன் பிரிவு திறக்கப்பட்டபோது எதிர்ப்புத் தெரிவித்த சமூகத்தில் வளர்ந்தவன். அது 1990இல் மூடப்பட்டது. 2000ஆம் ஆண்டில் இராஜதந்திர உறவு மீண்டும் ஏற்பட்டது. அந்த நாட்டுக்கு வேலைக்குப் போகும் ஒருத்திக்கு நான் மொழி சொல்லிக் கொடுப்பதா?

அன்றிரவு ஹதீஸ் கிதாபை எடுத்துப் பார்த்தேன். யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் ஸைத் பின் தாபித் (ரலி) அவர்களைப் பணித்த செய்தி திர்மிதீயிலும் அபூதாவூதிலும் இருக்கிறது. அரை மாதம் கழிவதற்குள் ஸைத் (ரலி) அதைக் கற்றுவிட்டார். பின்னர் குர்ஆனை ஒன்றுதிரட்டும் பணியை ஏற்றதும் இதே ஸைத்தான். அரை மாதத்தில் எப்படி முடிந்தது? அவரது கூர்மையான அறிவு ஒரு காரணம். இன்னொரு காரணம், அரபு பேசும் ஒருவருக்கு ஹீப்ரு முற்றிலும் புதிய மொழி அல்ல என்பதே என்று நான் நினைக்கிறேன். எழுத்துத்தான் புதிது. வேர் பழையது.

நம்பிக்கையின்மை நிலவிய காலத்தில்தான் அந்தக் கட்டளை பிறந்தது என்பதையும் கவனித்தேன். எதிர்த்தரப்பின் மொழி தெரியாதிருப்பதை நம் தலைமைத்துவம் ஒரு பெருமையாகக் கருதவில்லை. அடுத்த ஞாயிறு அவர்களை வரச் சொன்னேன்.

பாடத்தைச் சமையலறையிலிருந்து ஆரம்பித்தோம். தாய் தனக்குத் தெரிந்த அரபுச் சொல்லைச் சொல்வார். மகள் கொப்பியிலுள்ள ஹீப்ருச் சொல்லை வாசிப்பாள். வெங்காயம் தாய்க்குப் 'பஸல்', மகளின் கொப்பியில் 'பட்ஸால்'. உப்பு 'மில்ஹ்', 'மெலாஹ்'. பால் 'ஹலீப்', 'ஹலாவ்'. தண்ணீர் 'மாய்', 'மாயிம்'. கத்தி 'ஸிக்கீன்', 'ஸக்கீன்'. முட்டை 'பேத்', 'பெய்ட்ஸா'. வெள்ளைப்பூண்டு 'தூம்', 'ஷூம்'. பத்து நிமிடத்தில் ஏழு சொற்கள். "இதுக்கா நான் ஒரு மாசம் தலைய ஒடச்சேன்?" என்றாள் மகள்.

பிறகு உடலுக்கு வந்தோம். நோயாளியைப் பராமரிப்பவளுக்கு முதலில் தெரிய வேண்டியது எங்கே வலிக்கிறது என்பதுதானே. கை அரபில் 'யத்', ஹீப்ருவில் 'யாத்'. கண் 'ஐன்', 'அயின்'. கால் 'ரிஜ்ல்', 'ரெகெல்'. வயிறு 'பத்ன்', 'பெத்தென்'. தோள் 'கதிஃப்', 'காதேஃப்'. விரல் 'இஸ்பஃ', 'எட்ஸ்பா'. இரத்தம் 'தம்', 'தாம்'. தலை என்ற இடத்தில் மகள் நின்றுவிட்டாள். தாய் 'ராஸ்' என்றார். கொப்பியில் 'ரோஷ்' என்றிருந்தது. "இது வேற சொல்லு சேர்."

வேறு சொல் இல்லை என்று விளக்கினேன். அரபில் 'ஸ' வரும் பல இடங்களில் ஹீப்ருவில் 'ஷ' வரும். அரபில் நெடில் 'ஆ' வரும் பல இடங்களில் ஹீப்ருவில் 'ஓ' வரும். ஸலாம் ஷாலோம் ஆவது இப்படித்தான். நாக்கைக் குறிக்கும் லிஸான், லாஷோன் ஆவதும் இப்படியே. ராஸ் ரோஷ் ஆனதில் இரண்டு விதியும் ஒன்றாக வேலை செய்திருக்கின்றன. இன்னும் இரண்டு விதிகளையும் கொப்பியின் பின்னட்டையில் எழுதிக் கொடுத்தேன். நம் 'ளாத்' எழுத்து வரும் சில இடங்களில் ஹீப்ருவில் 'ட்ஸ்' வரும்: பூமியைக் குறிக்கும் அர்ள் அங்கே எரெட்ஸ், முட்டையைக் குறிக்கும் பைளா அங்கே பெய்ட்ஸா. சொல்லின் தொடக்கத்தில் அரபு 'வ' நின்றால் ஹீப்ருவில் 'ய' நிற்கும்: குழந்தையைக் குறிக்கும் வலத் அங்கே யெலெத்.

இந்த விதிகளை நான் கண்டுபிடிக்கவில்லை. ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஒரு கல்வி மரபின் மிச்சம் இவை. அந்த மரபில் முஸ்லிம்களுக்கு இருந்த பங்கை நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும்.

அரபு மத்ரஸாவில் ஸர்ஃப் படித்தவர்களுக்கு வேர் என்றால் என்னவென்று தெரியும். காஃப், தா, பா என்ற மூன்று எழுத்தை வைத்துக்கொண்டு கதப, கிதாப், காதிப், மக்தப், மக்தூப் என்று ஒரு குடும்பத்தையே கட்டலாம். ஹீப்ருவிலும் அதே மூன்று எழுத்துத்தான். காதவ் என்றால் எழுதினான், மிக்தாவ் என்றால் கடிதம், கெத்துபா என்றால் யூதர்களின் திருமண ஒப்பந்தப் பத்திரம். ஒரு வேரைக் கற்றால் ஐந்து சொல் கிடைக்கும். தனித்தனியாக ஐந்து சொல்லை மனனம் செய்கிறவனுக்கு இந்த வசதி இல்லை.

எட்டாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த கலீல் பின் அஹ்மத், அரபுச் சொற்களை வேரெழுத்துகளின் அடிப்படையில் ஒழுங்குபடுத்தி 'கிதாபுல் ஐன்' என்ற அகராதிக்கு அடித்தளம் இட்டார். அவருடைய மாணவரான பாரசீகர் ஸீபவைஹி எழுதிய இலக்கண நூல் இன்றுவரை அரபு இலக்கணத்தின் தலைவாசல். அக்காலத்தில் ஹீப்ருவுக்கு இப்படிப்பட்ட இலக்கணம் கிடையாது. சில வேர்களில் இரண்டு எழுத்து, சிலவற்றில் ஒரே எழுத்து என்றுகூட யூத அறிஞர்கள் கருதி வந்தனர்.

அதை மாற்றியவர் ஃபாஸ் நகரில் பிறந்து குர்துபாவில் வாழ்ந்த யஹூதா ஹய்யூஜ். பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த அவர், முஸ்லிம் இலக்கணிகள் வகுத்த முறையைப் பயன்படுத்தி, ஹீப்ரு வினைச்சொற்களின் வேரும் மூன்று எழுத்தே என்று நிறுவினார். மறைந்தோ திரிந்தோ போகும் மெலிந்த எழுத்துகளைக் கணக்கில் எடுக்காததே முன்னோரின் பிழை என்று காட்டினார். இதை அவர் எழுதியது அரபு மொழியில். அவருக்குப் பின் குர்துபாவைச் சேர்ந்த அபுல் வலீத் மர்வான் இப்னு ஜனாஹ், பதினோராம் நூற்றாண்டில் ஹீப்ரு வேர்களின் அகராதி ஒன்றை எழுதினார். அதுவும் அரபில்தான். நூலின் பெயர் 'கிதாபுல் உஸூல்'.

உஸூல் என்பது 'அஸ்ல்' என்பதன் பன்மை. அஸ்ல் என்றால் வேர், மூலம். அந்தச் சொல்தான் தமிழில் 'அசல்' ஆகிப் புழங்குகிறது. இதைச் சொன்னபோது தாய் சிரித்தார். "அசல் தெரியாமலா சேர்? வட்டி கட்டிக்கிட்டே இருக்கோம், அசல் அப்படியே கெடக்கு" என்றார். இப்னு ஜனாஹின் நூற்பெயரில் பாதி, எந்த அகராதியும் இல்லாத வீட்டில் கடன் கணக்காக இருந்தது. பாக்கி, ரத்து, தகராறு போன்ற சொற்களும் அரபு வேரிலிருந்து நம்மிடம் வந்தவையே என்று சொன்னேன். "நல்ல சொல்லு ஒண்ணும் வரலையா?" என்று மகள் கேட்டாள்.

வேரைக் கற்பிக்கும்போது பொருள் பிரிந்து போன இடங்களையும் கற்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் உறவே ஆளைக் கவிழ்த்துவிடும். 'லெஹெம்' என்று மகள் வாசித்ததும், "இறைச்சி" என்றார் தாய் உறுதியாக. அரபில் லஹ்ம் இறைச்சிதான். ஆனால் ஹீப்ருவில் லெஹெம் பாண். ஒரு மக்கள் கூட்டத்துக்கு எது முதன்மை உணவோ அதன் பெயராக அந்த வேர் நின்றுவிட்டது. ஈஸா (அலை) பிறந்த ஊர் என்று கிறிஸ்தவர்கள் போற்றும் பெத்லெஹெம், ஹீப்ருக் காதுக்குப் பாண் வீடு; பைத்து லஹ்ம் என்று கேட்கும் அரபுக் காதுக்கு இறைச்சி வீடு. எண்ணெய்க்கு ஹீப்ருவில் ஷெமென். அதே வேரிலுள்ள அரபு ஸம்ன், நெய். மருந்து வேளையும் உணவுக் கட்டுப்பாடும் உள்ள ஒரு முதியவரின் வீட்டில் இந்த வித்தியாசம் சிறியதல்ல.

பொய் உறவுகளும் உண்டு. காலைக்கு ஹீப்ருவில் 'போக்கெர்'. தாய்க்குத் தெரிந்த 'புக்ரா' என்ற அரபுச் சொல்லுக்கு அது பக்கத்து வீடுபோலத் தோன்றும். ஆனால் ஒன்றில் நிற்பது காஃப், மற்றதில் நிற்பது காஃபுக்கு ஒலியில் நெருங்கிய கனத்த 'ஃகாஃப்'. எழுத்து வேறு, வேரும் வேறு. பூனாகலையின் 'கலை'யை நினைத்துக்கொள் என்றேன். அதன்பிறகு அவள் இப்படிப்பட்ட சொற்களுக்குப் பக்கத்தில் 'கலை' என்று குறித்து வைத்தாள்.

உண்மையான உறவுகளில் சில நெஞ்சைத் தொட்டன. சூரியன் மறைவதைக் குறிக்கும் வேரிலிருந்து நமக்கு மஃக்ரிப் வந்தது. ஹீப்ருவில் ஃகைன் எழுத்து ஐனோடு ஒன்றாகிவிட்டதால் அங்கே மாலைக்கு 'எரெவ்', மேற்குக்கு 'மஅராவ்', மாலைத் தொழுகைக்கு 'மஅரிவ்'. தாடிக்கு ஹீப்ருவில் 'ஸாகான்', முதியவருக்கு 'ஸாகேன்'. அரபில் 'தகன்' என்றால் தாடை. கருவறைக்கு அரபில் ரஹிம், ஹீப்ருவில் ரெஹெம். இரக்கம் நமக்கு ரஹ்மத், அவர்களுக்கு ரஹமிம். நாம் பிஸ்மில்லாஹ்வில் இறைவனை அழைக்கும் ரஹ்மான், யூதர்கள் உணவுக்குப் பின் ஓதும் துஆவில் 'ஹாரஹமான்' என்று வருகிறது.

ஒரு வேரில் மட்டும் நாங்கள் மூவரும் நீண்ட நேரம் நின்றோம். ஐன், பா, தால். நமக்கு அப்த் என்றால் அடிமை, இபாதத் என்றால் வணக்கம். ஹீப்ருவில் எவெத் என்றால் அடிமை, ஓவெத் என்றால் வேலையாள், அவோதா என்றால் வேலை. பழைய வேதத்தில் அவோதா வழிபாட்டையும் குறிக்கும். இன்றைய பேச்சில் அது அன்றாடத் தொழில். அடிமை, வேலை, வணக்கம் மூன்றும் ஒரே வேரில். இருநூறு வருடமாக இந்த மலையில் கூலிக்கு உழைத்த ஒரு குலத்துப் பெண்ணிடம் இதைச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. தாய்தான் பேசினார்: "ஒரே வேல தான் சேர். சம்பளம் குடுத்து மனுசனா மதிச்சா அது வேல. பாஸ்போட்ட வாங்கிப் பூட்டி வச்சா அது அடிமை." ஸர்ஃப் கிதாபில் இல்லாத விளக்கம். மகளிடம், "உன் பாஸ்போட் உன் கையில இருக்கணும்" என்றும் சொன்னார்.

மூன்றாம் மாதத்தில் மகள் ஒரு கேள்வி கேட்டாள். "எல்லாம் அரபாவே இருக்கே சேர், நம்ம தமிழ்ச் சொல் ஒண்ணாவது அங்க போகலையா?"

போயிருக்கிறது என்பதே பல அறிஞர்களின் கருத்து. பழைய வேதத்தில் ஸுலைமான் (அலை) அவர்களின் கப்பல்கள் கொண்டுவந்த பொருட்களில் 'துக்கி' என்றொரு பறவை வருகிறது. மயிலைக் குறிக்கும் அச்சொல் தமிழின் 'தோகை'யிலிருந்து சென்றது என்று 1856இல் வெளிவந்த ஒப்பிலக்கண நூலில் கால்டுவெல் எழுதினார். இலங்கையில் பணியாற்றிய எமர்சன் டெனன்ட் 1859இல் ஒரு படி மேலே போய், அக்கப்பல்கள் சென்ற தர்ஷீஷ் துறை நம் காலியே என்றார். பின்வந்த ஆய்வாளர்கள் காலியை ஏற்கவில்லை. தோகையைப் பலர் இன்றும் ஏற்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், இன்றைய ஹீப்ருவில் துக்கி என்றால் கிளி. மயிலுக்கு அவர்கள் 'தவாஸ்' என்கிறார்கள். அரபின் தாவூஸுக்கும் அதற்கும் கிரேக்கமே மூலம். கப்பலேறிப் போன நம் தோகை, போன இடத்தில் வேறொரு பறவைக்குப் பெயராகிவிட்டது.

இலங்கைக்கும் ஹீப்ரு பேசியோருக்கும் உள்ள தொடர்பு அத்தோடு முடியவில்லை. 1154இல் நூல் முடித்த புவியியலாளர் அல் இத்ரீஸி, ஸரன்தீப் மன்னனின் அவையில் பதினாறு ஆலோசகர்கள் இருந்ததாகவும், அவர்களில் நால்வர் முஸ்லிம்கள், நால்வர் யூதர்கள் என்றும் எழுதியிருக்கிறார். அதே பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆபிரகாம் பென் யிஜூ என்ற துனீசிய யூத வணிகர் மங்களூரில் பதினேழு வருடம் வாழ்ந்தார். அவருடைய கடிதங்கள் கெய்ரோவின் பழைய யூத ஆலயமொன்றின் ஏட்டறையில் கிடைத்தன. மொழி அரபு, எழுத்து ஹீப்ரு. அரபைத் தங்கள் எழுத்தில் எழுதிய அந்த யூத வணிகர்களும், தமிழை அரபு எழுத்தில் எழுதிய நம் மரைக்காயர்களும் சுற்றி வந்தது ஒரே கடலை. தேயிலைக்கே வந்தால், புசல்லாவையில் றொத்ஸ்சைல்ட் தோட்டத்தை 1841இல் ஆரம்பித்த டி வோர்ம்ஸ் சகோதரர்கள் யூதர்கள். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்குவதற்கு முன்னரே அவர்கள் சீனத் தேயிலைக் கன்றுகளை அங்கே நட்டுப் பார்த்திருந்தார்கள்.

இன்று தெருவில் பேசப்படும் ஹீப்ரு வயதில் இளையது. பல நூற்றாண்டுகள் தொழுகைக்கும் ஏட்டுக்கும் உரியதாய் இருந்த மொழியை வீட்டு மொழியாக்கப் பாடுபட்டவர் எலியேசர் பென் யெஹூதா (1858–1922). 1881இல் ஜெரூஸலம் வந்த அவர், இல்லாத சொற்களுக்கு வேர் தேடியபோது அரபிடமும் கை நீட்டினார். உத்தியோகபூர்வமான என்று பொருள்படும் 'ரிஷ்மி' அரபு ரஸ்மியிலிருந்து எடுத்தது. மரியாதையான என்று பொருள்படும் 'அதீவ்', நாம் எழுத்தாளரைக் குறிக்கும் அதீபிலிருந்து. 'யல்லா' என்று இன்றைய இஸ்ரேலியர் ஒருவரையொருவர் விரைவுபடுத்துவதும் அரபிலேயே.

இதையெல்லாம் பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டார்: "சொல்லெல்லாம் ஒன்று என்கிறீர்கள். அப்படியானால் ஏன் அந்தப் பிள்ளைகள் சாகிறார்கள்?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. சலாமும் ஷாலோமும் ஒன்று என்று மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குவது எளிது. வேர் ஒன்றாக இருப்பது நீதியைக் கொண்டுவந்து விடாது. பேரழிவு நடப்பது இந்த இரண்டு உறவுமொழிகளுக்கும் நடுவில்தான். நான் சொல்ல வருவது அதைவிடச் சிறியது. ஹீப்ரு ஓர் அரசின் சொத்து அல்ல. அதன் வேர்களை ஒழுங்குசெய்த அறிஞர்கள் அரபில் எழுதினார்கள், முஸ்லிம் இலக்கணிகளிடம் முறை கற்றார்கள். அந்தக் கல்வியில் நமக்கும் பங்கிருக்கிறது. கோபத்தில் அந்தப் பங்கை விட்டுக்கொடுத்தால் இழப்பு நமக்குத்தான். கூலிக்குப் போகும் ஓர் ஏழைப் பெண்ணுக்கு 'வலிக்கிறதா' என்று கேட்கச் சொல்லிக் கொடுப்பதால் காஸாவின் துயரத்தை நான் மறந்தவன் ஆகிவிடமாட்டேன்.

அவள் அந்த ஆண்டு ஆகஸ்டில் புறப்பட்டாள். 2023 அக்டோபர் 7 தாக்குதலில் அங்கே வேலை செய்த இரண்டு இலங்கையர்களும் உயிரிழந்திருந்தார்கள். அது தெரிந்துதான் போனாள். விமான நிலையத்துக்குப் போகுமுன் தாயோடு வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டு மாதம் கழித்துத் தாய் கைத்தொலைபேசியோடு வீட்டுக்கு வந்தார். மகள் பராமரிக்கும் மூதாட்டி பக்தாதில் பிறந்தவர். 1950, 51ஆம் ஆண்டுகளில் ஈராக்கிலிருந்து விமானங்களில் கொண்டுசெல்லப்பட்ட ஒரு இலட்சத்து இருபதாயிரம் அளவிலான யூதர்களில் அவரும் ஒருவர். அப்போது சிறுமி. முதுமையில் மறதி வந்து, பிற்காலத்தில் கற்ற ஹீப்ரு மெல்ல நழுவ, வீட்டு அரபு மட்டும் நாவில் தங்கியிருக்கிறதாம். மகள் கஷ்டப்பட்டுக் கற்ற ஹீப்ரு கடைக்கும் வைத்தியசாலைக்கும் உதவுகிறது. மூதாட்டியோடு பேச அம்மாவின் சமையலறை அரபுதான் வேண்டியிருக்கிறது. தெரியாத சொல் வந்தால் அம்மாவுக்கு அழைப்பு எடுக்கிறாள்.

அன்று என் முன்னாலேயே அழைப்பு வந்தது. தாய் திரையைப் பார்த்து, "ஷ்லோனிச், ஹாஜா?" என்று நலம் விசாரித்தார். வயதான பெண்ணை அப்படி மரியாதையாக அழைத்துத்தான் அவருக்குப் பழக்கம். அந்தப் பக்கம் ஒரு நடுங்கிய குரல் நீண்ட நேரம் பேசியது. எனக்குப் பாதிதான் விளங்கியது. கிதாபில் படித்த அரபு என்னுடையது. தாய்க்கு முழுதும் விளங்கியது. "என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன். "வீட்டுக்குப் போகணுமாம் சேர். எந்த வீடுன்னு கேட்டேன். ஆத்தோரத்து வீடுங்கிறாங்க." பக்தாதின் திஜ்லா நதி. திரும்பிப் போக முடியாத வீடு. அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் மண்சரிவில் லயத்தை இழந்தவர். இன்னும் பக்கத்தில், வீட்டுச் சாவியை வைத்துக்கொண்டு முகாமில் காத்திருக்கும் பலஸ்தீனத் தாய்மாரை நான் நினைத்துக்கொண்டேன். சாவிக்கு அரபில் மிஃப்தாஹ், ஹீப்ருவில் மஃப்தேயாஹ். வேர் ஒன்றே.

மகளுக்குச் சொல்லிக் கொடுத்த சொற்களை வாப்பாவின் கடன் கொப்பியில் எஞ்சிய வெற்றுத்தாள்களில் அரபுத்தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். முந்நூறுக்குக் கொஞ்சம் மேல் வந்திருக்கிறது. இன்னும் இரண்டு பெண்கள் இப்போது ஞாயிறுதோறும் வருகிறார்கள். நம் மத்ரஸாக்களில் ஸர்ஃப் படிக்கும் பிள்ளைகள் விரும்பினால் அரை வருடத்தில் ஹீப்ருவை வாசிக்கப் பழகலாம். பிறர் மொழிபெயர்த்துத் தருவதை நம்பியிராமல், அங்கே என்ன எழுதப்படுகிறது என்பதைத் தாங்களே அறியலாம். வீடுகளில் கறையானுக்குப் போய்க்கொண்டிருக்கும் அரபுத்தமிழ் ஏடுகளையும் அதே பிள்ளைகள் வாசித்துக் காப்பாற்றலாம்.

மகளின் முதல் கொப்பியில் ஒரு சொல்லுக்கு மட்டும் நாங்கள் வேர் எழுதவில்லை. தேநீருக்கு ஹீப்ருவில் 'தே'. சீனத்தின் ஹொக்கியன் பேச்சுமொழியில் பிறந்து, டச்சு வணிகரின் கப்பலில் ஊர் ஊராகப் போன சொல். நம் தேயிலையின் 'தே'யும் அதுவே. அந்த ஒன்றை மட்டும் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.